உச்ச ஸ்தாயிக்கு ஒரு சீவாளி

ஏழெட்டு வருஷங்களுக்கு முன்பு திண்டுக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். எனக்குப் பெண் வீட்டாரும் வேண்டியவர்கள், பிள்ளை வீட்டாரும் வேண்டியவர்கள். இப்படி இரண்டு பக்கமும் வேண்டியவனாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. எந்தப் பக்கத்துக் காரியத்தையும் செய்ய வேண்டியதில்லை. ‘அந்தப் பக்கம் ஏதோ வேலையாக இருக்கிறார்’ என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். ஆகவே மாப்பிள்ளை அழைப்பு முடிந்த கையோடு, மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஊர்வலத்துக்கு முன்னால் வாசித்து வந்த பாண்டு கோஷ்டியும் அங்கேதான் இளைப்பாறிக்கொண்டிருந்தது. சிவப்புச் சட்டை, தோளில் மஞ்சள் குஞ்சம். பெரிய டிரம்மைச் சுவரில் சாய்த்துவிட்டு எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். டிரம்பெட் வாசித்த பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கலாம். அவன் மட்டும் காப்பியை ஆறவிட்டு, நாயன வித்வான் செய்துகொண்டிருந்த காரியத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வித்வான் அறுபதைத் தாண்டியவர். மடியில் ஒரு துண்டை விரித்து அதில் ஏழெட்டுச் சீவாளிகளைப் பரப்பி வைத்திருந்தார். ஒன்றை எடுப்பார், வாயில் போட்டு ஊற வைப்பார், அதன் இரண்டு இதழ்களையும் விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பார், நாயனத்தில் பொருத்தாமல் தனியாகவே ஊதுவார். ‘பீக்’ என்று கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். முகத்தைச் சுளித்து அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். எனக்கு எல்லாக் கோழிக்குஞ்சும் ஒரே மாதிரிதான் கத்தின. அவருக்கு அப்படி இல்லை.

“ஐயா, மேலே பேசுறதுக்குன்னு தனிச் சீவாளி இருக்குதுங்களா?” என்று கேட்டான் பையன்.

அவன் சும்மா கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டு வெள்ளை உலோகக் கிண்ணிகளை எடுத்துக் காட்டினான். டிரம்பெட்டின் நுனியில் செருகி உதட்டை வைத்து ஊதுகிற மௌத்பீஸ்.

“இது பழசுங்க. இது போன மாசம் வாங்கினது. இதிலே குழி ஆழம் கம்மி. இதை வச்சா உச்சச் சத்தம் தானா வரும்னு சொன்னாங்க. மேலேயும் வரலே, கீழே இருந்ததும் போயிருச்சு.”

வித்வான் சிரித்தார். “சீவாளியிலேயும் அதே கதைதான் தம்பி. மேலே கொடுக்கிறது கீழே வாங்கிக்கும். கீழே கொடுக்கிறது மேலே வாங்கிக்கும். ரெண்டையும் கொடுக்கிற சீவாளி ஒண்ணு என்னைக்காவது வரும். அது வந்த ராத்திரியே கிழிஞ்சு போகும்.”

நானும் சிரித்தேன். ஆனால் பிற்பாடு யோசித்துப் பார்த்தபோது, நாயனத்தின் நூறு வருஷ சரித்திரத்தையே அவர் அந்த நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்று தோன்றியது.

நாகஸ்வரமா, நாதஸ்வரமா என்று பண்டிதர்கள் நெடுநாளாகச் சண்டை போடுகிறார்கள். நம் ஜனங்கள் நாயனம் என்று சொல்லி அந்தச் சண்டையிலிருந்து தப்பித்துக்கொண்டார்கள். குழல் ஆச்சா மரம். இடித்த பழைய வீடுகளின் உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்கி, ஈரம் முழுக்கச் செத்த மரத்தில் கடைவார்கள். மேலே ஒடுங்கி, கீழே அகன்று, அடியில் அணசு. விரலுக்கு 7 துளை. அதற்குக் கீழே இன்னும் 5 துளை. இந்த ஐந்தில் விரல் படுவதில்லை. சுருதி சரியாக நிற்பதற்காகச் சிலவற்றை மெழுகால் அடைத்து வைப்பார்கள். குழலின் தலையில் கெண்டை என்கிற சின்ன உலோகக் குழாய். கெண்டையின் மேல்தான் சீவாளி.

சீவாளி நாணல் தட்டையால் ஆனது. தட்டையைக் காயவைத்துப் பதப்படுத்தி, நசுக்கித் தட்டையாக்கி, அடியை நூலால் கட்டி, நுனியை இரண்டு இதழாகச் சீவிவிடுகிறார்கள். தஞ்சைச் சீமையில் இதைக் கையாலேயே செய்து ஊர் ஊராக அனுப்புகிறார்கள். ஒரு நாயனத்தின் பக்கவாட்டில் கொத்தாகச் சில சீவாளிகளும், அவற்றைச் சரிசெய்ய ஒரு தந்த ஊசியும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவை அலங்காரத்துக்காகத் தொங்கவிட்ட குஞ்சம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

புல்லாங்குழலில் அரை ஸ்வரம் வேண்டுமென்றால் துளையைப் பாதி மூடலாம். நாயனத்தில் அந்த வேலையில் பெரும்பகுதியை மூச்சும், சீவாளியைப் பிடிக்கிற உதடும்தான் செய்கின்றன. ஒரே துளையை வைத்துக்கொண்டு உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஸ்வரத்தை ஏற்றி இறக்க வேண்டும். மேல் ஸ்தாயிக்குப் போவதும் அப்படித்தான். விரல்கள் கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே இருக்கும். மூச்சு வலுத்து உதடு இறுகினால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே தாவும்.

இங்கேதான் சீவாளியின் குணம் முக்கியமாகிறது. இதழ் தடித்த, விறைப்பான சீவாளி எவ்வளவு இறுக்கினாலும் தாங்கும். உச்சியில் உறுதியாக நிற்கும். ஆனால் கீழ் ஸ்வரங்களுக்கு வரும்போது அடம் பிடிக்கும். மெல்ல ஊதினால் பேசாது. மணிக்கணக்கில் வாசித்தால் உதடு மரத்துப் போகும். மெலிந்த சீவாளி கீழே தேன் மாதிரி பேசும். மேலே போய் இறுக்கினால் இரண்டு இதழும் ஒட்டிக்கொள்ளும்; அல்லது சுருதி இறங்கிப் போகும். நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறும். அகலத்தைக் கூட்டினால் இறங்கும். இவ்வளவும் ஒரு விரல் நுனி அளவு தட்டைக்குள் நடக்கிற விவகாரம்.

“நம்ம ஊர்ப் பூட்டு மாதிரி வச்சுக்குங்க” என்றார் வித்வான் என் பக்கம் திரும்பி. “ஒருத்தன் சாவி இன்னொருத்தன் பூட்டிலே நுழையும். திறக்காது. இன்னொரு வித்வானுக்குத் தங்கமாப் பேசின சீவாளி என் வாயிலே செத்துப் போகும். என் உதடு வேறே, பல்லு வேறே.” திண்டுக்கல்காரர் வேறு எதை உதாரணம் சொல்லப் போகிறார்!

இனி, கொஞ்சம் சரித்திரம்.

நாயனம் கோயிலுக்கும் தெருவுக்கும் பிறந்த வாத்தியம். சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி வாசித்தால், புறப்பாடு ஆகிவிட்டது என்று நாலு தெருவுக்கும் தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் மைக் ஏது? தவில் இடி போல முழங்கும். ஜனங்களின் இரைச்சல் வேறு. அதற்கெல்லாம் மேலே எழும்ப வேண்டுமானால் சத்தம் உயரமாகவும் கூர்மையாகவும் இருக்க வேண்டும். அதற்கு ஏற்ற வாத்தியம் திமிரி நாயனம். குழல் குட்டை, சுருதி நாலு கட்டைக்கு மேலே, ஐந்து கட்டை வரை போகும். சீவாளியும் அதற்கேற்பச் சின்னது. உச்சச் சத்தத்துக்காக யாரும் தனியாகச் சீவாளி தேட வேண்டியதில்லை. வாத்தியமே உச்சியில்தான் குடியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இது மாறியது. கச்சேரி தெருவிலிருந்து மேடைக்கும் சபைக்கும் வந்தது. பிறகு மைக் வந்தது. கூர்மை அவசியமில்லை. வாய்ப்பாட்டைப் போல விஸ்தாரமாக, கமகத்தோடு ராகம் கேட்க ரசிகர்கள் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையை உண்டாக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. 1898-ல் பிறந்து 1956-ல் காலமானவர். வாய்ப்பாட்டிலும் பயிற்சி உள்ளவர். நாயனக்காரர் மேடையில் மற்ற வித்வான்களுக்குச் சமமாக உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். நீளமான பாரி நாயனத்தை நிலைநிறுத்திய பெருமையும் அவருக்குத்தான். பாரியின் சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டை. பழைய குழலில் சுத்த மத்யமம் சரியாக நிற்காது. வித்வான் மூச்சைக் கொண்டு இழுத்துப் பிடிக்க வேண்டும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ரங்கநாத ஆசாரி அந்தக் குறை தீரும்படி குழல் கடைந்து கொடுத்தார். அந்த ஊர் நாயனத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ராஜரத்தினம் பிள்ளை சுருதியை இறக்கினார். ஆனால் அவர் தோடியைக் கேட்டவர்கள் எல்லோரும் அவர் மேலே போய் நின்றதைத்தான் சொல்லிச் சொல்லி உருகினார்கள். இது எனக்கு வெகு நாள் புதிராக இருந்தது. தாழ்ந்த குழலை வைத்துக்கொண்டு உயரத்துக்குப் பெயர் வாங்குவது எப்படி?

ஆர்மோனியம் வைத்திருப்பவர்கள் இதைப் பரிசோதித்துப் பார்க்கலாம். 2 கட்டையை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு மேல் ஸ்தாயிப் பஞ்சமம் வரை போங்கள். பிறகு 5 கட்டையை ஷட்ஜமாக வைத்து மேல் ஸ்தாயி ரிஷபத்தைத் தொடுங்கள். இரண்டும் ஒரே கட்டையில்தான் வந்து நிற்கும். அதாவது பாரிக்காரர் பஞ்சமத்தில் எட்டுகிற உயரத்தைத் திமிரிக்காரர் ரிஷபத்திலேயே, சாதாரணமாகத் தொட்டுவிடுகிறார். ஆனால் கேட்கிறவனுக்கு எது உயரம்? பாரிதான். ஏனென்றால் அவன் அளப்பது சத்தத்தை அல்ல. புறப்பட்ட இடத்திலிருந்து ஏறிய தூரத்தை.

திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நாலு பக்கமும் சமவெளி. நடுவில் மொட்டைப் பாறை ஒன்று விர்ரென்று எழுந்து நிற்கிறது. அதே பாறை சிறுமலைச் சரிவில் இருந்திருந்தால் நாயக்கர்கள் அதில் கோட்டை கட்டியிருப்பார்களா? ஹைதர் அலிதான் அதில் வந்து உட்கார்ந்திருப்பாரா? அதற்கு உயரம் கொடுப்பது பாதிக்குப் பாதி அந்தச் சமவெளிதான். ராஜரத்தினம் பிள்ளை தம் பாறையை உயர்த்தவில்லை; சமவெளியை இறக்கினார்.

இறக்கியதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. கீழேயும் பேச வேண்டும், மேலேயும் நிற்க வேண்டும் என்றால் சீவாளி பெரிதாக இருக்க வேண்டும். அதை ஆள்கிற உதடு அதைவிடப் பலமாக இருக்க வேண்டும். அவருடைய சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம் 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு சரிக்குச் சரியாக வாசித்ததைக் கேட்கிறோம். எந்தச் சீவாளி வைத்து வாசித்தார் என்று இன்றும் கேட்கிறவர்கள் உண்டு. அந்தச் சீவாளியை நம்மிடம் கொடுத்தால் கோழிக்குஞ்சுதான் கத்தும்!

டிரம்பெட் பையனின் சங்கடத்துக்கு ஐரோப்பாவிலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது. 18-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அங்கே இருந்த டிரம்பெட்டில் பொத்தான் கிடையாது. குழாயைச் சுருள் பிரித்து நீட்டினால் ஏழெட்டு அடி வரும். அந்த நீளக் குழாயில் கீழே ஸ்வரங்கள் தள்ளித் தள்ளித்தான் கிடைக்கும். மேலே போனால்தான் நெருங்கி வரும். ஆகவே ஒரு ராகம் போல எதையாவது வாசிக்க வேண்டுமென்றால் உச்சிக்குத்தான் போயாக வேண்டும். லைப்ஸிக் நகரில் காட்ஃப்ரீட் ரைஷ என்றொரு மகா வித்வான் இருந்தார். செபாஸ்டியன் பாஹ் அவரை நம்பி அப்படிப்பட்ட உச்ச ஸ்தாயிப் பகுதிகளை எழுதினார். 1734-ல் ரைஷ காலமானார்.

பிற்காலத்தில் அந்த வித்தை மறந்து போயிற்று. 19-ம் நூற்றாண்டில் வால்வு வந்து, கீழேயே எல்லா ஸ்வரமும் கிடைத்தபோது, உச்சிக்கு ஏறுகிற சிரமம் யாருக்கு வேண்டும்? பிறகு பாஹின் சங்கீதத்தை மறுபடி வாசிக்க ஆசை வந்தபோது திகைத்தார்கள். குழாயைக் குட்டையாக்கி, சின்ன டிரம்பெட் செய்து வாசிக்கத் தொடங்கினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், பழைய காலத்து மௌத்பீஸ்களை எடுத்துப் பார்த்தால் அவை சின்னவை அல்ல. பொதுவாக இன்றையவற்றைவிடப் பெரியவை, விளிம்பு அகலமானவை. ஆழம் குறைந்த கிண்ணி சத்தத்துக்குப் பளபளப்புக் கொடுக்கும். களைத்த உதட்டுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். வராத ஸ்வரத்தை அது வரவழைக்காது. அவர்கள் உயரத்துக்காகக் குழாயைக் குட்டையாக்கினார்கள். நாம் ஆழத்துக்காக நீளமாக்கினோம். இரண்டு இடத்திலும் கடைசியில் கணக்குத் தீர்த்தது உதடுதான்.

இத்துடன் முடித்துவிடலாம். ஆனால் திமிரி என்ன ஆயிற்று என்று சொல்லாமல் முடிப்பது நியாயமில்லை.

பாரி மேடையேறிய பிறகு திமிரியின் மதிப்பு இறங்கியது. உயர்ந்த சுருதி என்றாலே தெருச் சத்தம் என்றாகிவிட்டது. 1968-ல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் நாயனக்காரர் கதாநாயகர். அவருக்காகப் பின்னணியில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். 1989-ல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தில் நையாண்டி மேளக் கோஷ்டியை வைத்து ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரே வாத்தியத்துக்கு இரண்டு மரியாதை.

திண்டுக்கல், மதுரைச் சமவெளி ஊர்களில் திமிரி இன்னும் பிழைத்திருப்பது நையாண்டி மேளத்தில்தான். கல்யாணம் நடந்த மறு வருஷம் மாசித் திருவிழாவின்போது கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். மலைக்கோட்டையின் அடிவாரத்தில்தான் கோயில். தெருமுனையில் ஒரு கரகாட்டம். தவில், பம்பை, இரண்டு திமிரி. மேலே பாறை, கீழே ஜனசமுத்திரம். அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு நாயனம் வந்த விதத்தைப் பார்த்தபோது, இந்த வாத்தியத்தை எதற்காக உண்டாக்கினார்கள் என்பது எனக்கு முதல் தடவையாகப் புரிந்தது.

ஆட்டக்காரி இளைப்பாறிய நேரத்தில் நாயனக்காரரிடம் போய்ச் சீவாளியைப் பற்றி விசாரித்தேன். முப்பத்தைந்து வயசிருக்கும். ஆச்சரியப்பட்டார், அவரிடம் அதை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

“எங்களுக்குக் கீழே வேலை இல்லீங்க ஐயா. ராத்திரி எட்டு மணிக்கு மேலே ஏறினா, விடியறப்பத்தான் இறங்குவோம். ரொம்பக் கட்டியான சீவாளி வச்சா பன்னிரண்டு மணிக்கு உதடு போயிரும். மெலிசா இருந்தா ஆட்டம் சூடு பிடிக்கிறப்ப மூடிக்கும். நடுத்தரமா ஒண்ணு எடுத்து, நுனியிலே மயிரிழை கத்தரிச்சுக்குவேன்.”

ஒரு சின்ன டப்பாவைத் திறந்து காட்டினார். கத்தரித்த சீவாளிகள் நாலைந்து. ஓரமாகக் காகிதத்தில் சுற்றி ஒன்று தனியாக இருந்தது. அது என்ன என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டார்.

“அது மெலிசுங்க. ஆட்டத்துக்கு ஆகாது. அப்பா வாங்கிக் கொடுத்தது. தோடி வாசிக்கிறதுக்குன்னு வச்சிருக்கேன்.”

“எங்கே வாசிப்பீர்கள்?”

“வீட்டிலேதான்.”

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. கல்யாணத்தில் வித்வானுக்கு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு பேசினேன். இந்த மனிதர் இரவு எட்டு மணியிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறார். உட்காரச் சொல்வதற்கு அந்தத் தெருவில் ஒரு திண்ணைகூட இல்லை. பம்பை ஒலித்தது. டப்பாவை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அன்று டிரம்பெட் பையனுக்கு வித்வான் கடைசியாகச் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். “பழசையே வை தம்பி. தினம் காலையிலே கீழ்ச் சத்தத்தை நீளமா ஊது. ஆறு மாசம். கீழே பலம் வந்தா மேலே தானா வரும்.” பையன் புதுக் கிண்ணியைப் பார்த்தான், கொடுத்த பணம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பேசாமல் அதைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அது நல்ல யோசனைதான். ஆனால் கீழ்ச் சத்தத்தை நீளமாக ஊத ஒருவனுக்குக் காலை நேரமும், உட்கார ஓர் இடமும், கேட்க நாலு பேரும் வேண்டியிருக்கிறது. கோட்டை மாரியம்மன் தெருவில் நின்ற மனிதருக்கு அவை கிடைத்திருந்தால், காகிதத்தில் சுற்றிய அந்தச் சீவாளி எப்படிப் பேசியிருக்கும் என்று இன்றைக்கும் சில சமயம் நினைத்துப் பார்க்கிறேன்.